நாய் கடித்தால் ஊசி மட்டும்தானா? நஷ்டஈடும் கேட்கலாம்



இந்த மாதப் பாடம் நாய்க்கடி பற்றியது. வழக்கம்போல எழுதப் படிக்கத் தெரிந்த ஒருவர் குழுக் கூட்டத்தில் நிறுத்தி நிதானமாகப் படிக்கட்டும். மற்றவர்கள் கேட்டுவிட்டுப் பேசலாம்.

"நாய் கடிச்சதுக்கு நஷ்டஈடா? அது என்ன பஸ்ஸா, லாரியா?" என்று பல குழுக்களில் நம்மைத் திருப்பிக் கேட்டிருக்கிறார்கள். கேள்வியில் நியாயம் இருக்கிறது. பஸ் மோதினால் கேஸ் போடலாம் என்பது எல்லாருக்கும் தெரியும். நாய் கடித்தால் ஊசி போட்டுக்கொண்டு, ஒரு வாரம் படுத்துக் கிடந்து, "நம்ம நேரம்" என்று எழுந்து போவதுதான் பழக்கமாக இருக்கிறது. தமிழ்நாட்டில் 2024-ஆம் ஆண்டில் மட்டும் சுமார் 4 லட்சத்து 80 ஆயிரம் நாய்க்கடிகள் பதிவாகின. வெறிநோயால் 43 பேர் இறந்தார்கள். இத்தனை லட்சம் பேரில் எத்தனை பேர் செலவைக் கணக்குப் போட்டு, "இதை எனக்குக் கொடு" என்று கேட்டிருப்பார்கள்?

கேட்க உரிமை இருக்கிறது. ஆனால் கையில் காகிதம் இருந்தால்தான் அந்த உரிமை நிற்கும். அந்தக் காகிதம் முதல் நாளிலேயே தொடங்குகிறது.

முதலில் உயிர்

கடித்த இடத்தை ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவ வேண்டும். பதினைந்து நிமிடம் என்பது நாம் நினைப்பதைவிட நீளமான நேரம். ஒரு குடம் தண்ணீர் போதாது. மஞ்சள், மிளகாய்த்தூள், சுண்ணாம்பு, காப்பித்தூள் எதுவும் வைக்கக் கூடாது. மந்திரிக்கப் போகிறவர்கள் ஊசி போட்ட பிறகு போகட்டும். வெறிநோய் அறிகுறி வந்துவிட்டால் காப்பாற்ற மருந்து இல்லை. வருவதற்கு முன்னால் போட்டால் தடுக்கலாம்.

அரசு மருத்துவமனையில் இந்த ஊசி இலவசம். கையில் தோலுக்குள் போடும் முறையில் நான்கு தவணை. முதல் ஊசி 1-ஆம் தேதி என்றால் அடுத்தது 4, பிறகு 8, கடைசி 29-ஆம் தேதி. ரத்தம் வருகிற ஆழமான காயமாக இருந்தால் காயத்தைச் சுற்றிப் போடுகிற இன்னொரு மருந்தும் உண்டு. சீரம் என்பார்கள். "எனக்கு சீரம் வேணுமா டாக்டர்?" என்று வாயைத் திறந்து கேளுங்கள். எல்லா மருத்துவமனைகளும் தடுப்பூசியையும் இந்த மருந்தையும் எப்போதும் இருப்பில் வைத்திருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2025 நவம்பர் 7-ஆம் தேதி உத்தரவிட்டிருக்கிறது.

குழந்தைகள் அடிக்குப் பயந்து கடியை மறைப்பார்கள். திட்டாமல் விசாரியுங்கள்.

முதல் நாளில் எழுத வேண்டியவை

மருத்துவமனையில் ஓ.பி. சீட்டில் வெறும் "காயம்" என்று எழுதி முடித்துவிடலாம். "நாய் கடித்த காயம், இந்த இடத்தில், இத்தனை பல் பதிந்தது, இவ்வளவு நீளம்" என்று எழுதச் சொல்லிக் கேளுங்கள். வீட்டு நாயா, தெரு நாயா என்பதையும் சொல்லுங்கள். காயம் பெரிதாக இருந்தால் விபத்துப் பதிவேட்டில் பதியச் சொல்லி அதன் நகலை, அதாவது ஏ.ஆர். காப்பியை, வாங்க வேண்டும். ஊசி அட்டையில் ஒவ்வொரு தவணைக்கும் தேதி விழ வேண்டும். நடுவில் ஒரு ஊசியை விட்டுவிட்டால் உடம்புக்கும் ஆபத்து, பின்னால் "நீங்களே சரியா வைத்தியம் பாக்கல" என்று எதிராளி சொல்ல இடமும் கொடுத்தது போலாகும்.

வீட்டில் போன் இருக்கிறது. கட்டுப் போடுவதற்கு முன் காயத்தை ஒரு படம், கிழிந்த சேலையை ஒரு படம், முடிந்தால் அந்த நாயை ஒரு படம் எடுத்து வையுங்கள். பார்த்தவர்கள் யார் என்று குழு நோட்டின் கடைசிப் பக்கத்தில் அன்றைக்கே எழுதி வையுங்கள். ஒரு வாரம் போனால் பார்த்தவருக்கும் மறந்துபோகும். சில பேருக்கு வேண்டுமென்றே மறந்துபோகும்.

ஒரு கணக்கு

மணமேல்குடி பக்கம் ஒரு மீன்காரச் சகோதரி இருப்பதாக வைத்துக்கொள்வோம். விடியற்காலையில் கட்டுமாவடி மீன் மார்க்கெட்டுக்குப் போய்ச் சரக்கு எடுத்து, கூடையில் வைத்து உள்ளூர்களுக்குக் கொண்டுபோய் விற்கிறவர். மீன் வாசனைக்கு நாய் வரும். வழியில் ஒரு வீட்டு வாசலில் கட்டாமல் விட்டிருந்த நாய் கெண்டைக்காலைக் கவ்விவிட்டது. அந்த வீட்டு அம்மா பதறி ஓடிவந்து, தண்ணீர் கொடுத்து, 500 ரூபாயும் கொடுத்தார். "ஊசிதான் சும்மா போடுறாங்களே" என்றும் சொன்னார்.

ஊசி சும்மாதான். மற்றது? பதினைந்து நாள் கூடை தூக்க முடியவில்லை. நாளைக்கு 300 ரூபாய் லாபம் என்றால் 4,500. துணைக்கு வந்த மகளுக்கு மூன்று நாள் வேலை போச்சு, 900. நான்கு தடவை மருத்துவமனைக்கு ஆட்டோ, 800. வெளியில் வாங்கிய மாத்திரை, கட்டுத்துணி 600. மொத்தம் 6,800 ரூபாய். இதில் வலி இல்லை, தழும்பு இல்லை, அந்த மாதம் குழுக் கடன் தவணை கட்ட வெளியில் வாங்கிய வட்டி இல்லை. 500 ரூபாயை வாங்கிக்கொண்டு "பேசி முடிச்சாச்சு" என்று சொன்னால் மிச்சம் 6,300-ஐ யார் தருவது? அந்தச் சகோதரிதான் தருகிறார், தன் வயிற்றிலிருந்து.

அதனால்தான் சொல்கிறோம், கடைசி ஊசி போட்டுக் காயம் ஆறும் வரை "இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்று எழுதின காகிதத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். பணம் கொடுத்தால் வாங்கலாம், தப்பில்லை. "செலவுக்கு முன்பணமாக இவ்வளவு பெற்றேன், மீதி பிறகு" என்று எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள்.

வருமானத்துக்கு என்ன ஆதாரம் என்று கேட்பார்கள். நமக்குச் சம்பள ரசீது கிடையாது. ஆனால் குழுவின் சேமிப்பு நோட்டும் கடன் நோட்டும் இருக்கிறது. மாதா மாதம் ஒழுங்காகக் கட்டியவர் கடித்த மாதத்தில் கட்டவில்லை என்பது அந்தப் பக்கத்திலேயே தெரியும். மீன் எடுத்த கணக்குச் சிட்டையும் ஆதாரம்தான்.

"நான் வீட்டுலதானே இருக்கேன், எனக்கு என்ன நஷ்டம்" என்று ஒதுங்காதீர்கள். ஜாம்ஷெட்பூரில் 1989-ல் ஒரு விழாப் பந்தல் தீப்பிடித்துப் பலர் இறந்த வழக்கில், 2001-ல் உச்ச நீதிமன்றம் இல்லத்தரசிகளின் வீட்டு வேலைக்கு மாதம் 3,000 ரூபாய் என்று மதிப்புப் போட்டது. அது அந்தக் காலத்துத் தொகை. சமைப்பதும் தண்ணீர் தூக்குவதும் ஆடு பார்ப்பதும் பணத்தில் எண்ணக்கூடிய வேலை என்று நீதிமன்றமே ஒத்துக்கொண்டாகிவிட்டது.

வளர்த்தவர் இருக்கிற நாய்

நாய்க்கு உடமைக்காரர் இருந்தால் வழி கொஞ்சம் நேராக இருக்கும். சோறு வைத்து, கட்டிப்போட்டு, காவலுக்கு வைத்திருப்பவர்தான் பொறுப்பு. தென்னந்தோப்பிலும் இறால் பண்ணையிலும் காவலுக்கு நாய் விடுகிறார்கள். அங்கே கடித்தால் பாவம் அந்த வாட்ச்மேனோடு சண்டை போட்டுப் பயன் இல்லை. பண்ணை முதலாளியிடம்தான் கேட்க வேண்டும்.

பாரதிய நியாய சன்ஹிதா 291-ஆம் பிரிவின்படி, தன் வசம் இருக்கிற விலங்கால் மற்றவருக்குக் காயம் வராமல் பார்த்துக்கொள்ளத் தவறினால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். 2024 ஜூலை வரை இது பழைய தண்டனைச் சட்டத்தில் 289-ஆம் பிரிவாக, 1,000 ரூபாய் அபராதத்தோடு இருந்தது. 2024 மே மாதம் சென்னை நுங்கம்பாக்கத்தில் ஒரு பூங்காவில் காவலாளியின் ஐந்து வயதுப் பெண் குழந்தையை இரண்டு ராட்வீலர் நாய்கள் குதறியபோது போலீஸ் அந்தப் பழைய பிரிவில்தான் வழக்குப் போட்டு உடமைக்காரரைக் கைது செய்தது. பூங்காவிலேயே தங்கி வேலை பார்த்த ஏழைக் குடும்பம் அது. ஏழை புகார் கொடுத்தால் எடுக்க மாட்டார்கள் என்று முதலிலேயே முடிவு கட்ட வேண்டாம் என்பதற்காகச் சொல்கிறோம்.

காவல் நிலையத்தில் புகாரை எழுத்தில் கொடுங்கள். குறைந்தபட்சம் சி.எஸ்.ஆர். ரசீது வாங்காமல் வெளியே வராதீர்கள். எஃப்.ஐ.ஆர். போட்டால் அதன் நகல் இலவசம். புகாரை வாங்க மறுத்தால் அதே புகாரை மாவட்ட எஸ்.பி.க்குப் பதிவுத் தபாலில் அனுப்பலாம், சட்டத்தில் இடம் இருக்கிறது.

இங்கே ஒரு குழப்பம் எல்லாருக்கும் வருகிறது. அந்த 5,000 ரூபாய் அபராதம் அரசுக்குப் போவது, நமக்கு அல்ல. அபராதத்திலிருந்து பாதிக்கப்பட்டவருக்குக் கொடுக்கச் சொல்லி நீதிபதி உத்தரவிடலாம், ஆனால் அது அவர் முடிவு. நம் 6,800-ஐ நாமே தனியாகக் கேட்க வேண்டும். அதற்கு மக்கள் நீதிமன்றம், அதாவது லோக் அதாலத், நல்ல வழி. வழக்குப் போடுவதற்கு முன்பே அங்கே மனு கொடுக்கலாம். நீதிமன்றக் கட்டணம் இல்லை. இரண்டு தரப்பும் ஒத்துக்கொண்டு முடிவானால் அது கோர்ட் தீர்ப்புக்குச் சமம், அப்பீல் கிடையாது. எதிர்த் தரப்பு ஒத்துவரவில்லை என்றால் சிவில் வழக்கு. பொதுவாக மூன்று வருடத்துக்குள் போட வேண்டும். உயிரிழப்பு என்றால் குடும்பத்துக்கு இரண்டு வருடம்தான்.

வக்கீல் பீஸுக்கு எங்கே போவது? 1987-ஆம் வருடத்துச் சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி பெண்கள் எல்லாருக்கும் வக்கீல் இலவசம். சாதிச் சான்று, வருமானச் சான்று ஒன்றும் வேண்டாம், பெண்ணாக இருந்தால் போதும். அறந்தாங்கி நீதிமன்றத்தில் வட்டச் சட்டப் பணிகள் குழுவைக் கேளுங்கள். மாவட்ட ஆணையம் புதுக்கோட்டை நீதிமன்றத்தில் இருக்கிறது. போனில் 15100.

நம்ம குழு அக்கா வீட்டு நாயே கடித்தால்?

இதுதான் எல்லாவற்றையும்விடச் சிரமம். சட்டம் தெரிந்தும் பல பேர் வாய் திறக்காமல் இருப்பது இதனால்தான். அந்த அக்கா நம் அனிமேட்டராக இருக்கலாம். அடுத்த கடனுக்கு அவர் கையெழுத்து வேண்டியிருக்கலாம். "ஒரே தெருவுல இருந்துக்கிட்டு கேஸுன்னு போனா நாளைக்கு நல்லது கெட்டதுக்கு எப்படி முகத்துல முழிக்கிறது?" என்பது உண்மையான கேள்வி.

நம் கருத்து இது. செலவுக் கணக்கைக் கேட்பது சண்டை ஆகாது. கணக்கை எழுதி, குழுவுக்கு வெளியே, இரண்டு வீட்டுப் பெரியவர்களும் இருக்கும்போது கொடுங்கள். ஒரே தவணையில் முடியாவிட்டால் மூன்று மாதத்தில் கொடுக்கட்டும். நாய்க்குத் தடுப்பூசி போட்ட அட்டையையும் கேளுங்கள். குழுச் சேமிப்பிலிருந்து எடுத்துக் கொடுத்துவிட்டுப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் அதற்கு மட்டும் ஒத்துக்கொள்ள வேண்டாம். பன்னிரண்டு பேர் காசில் ஒரு வீட்டு நாய்க்குப் பொறுப்பு ஏற்க முடியாது. கடிபட்டவருக்கு அவசரக் கடன் கொடுப்பது வேறு விஷயம், அதைத் தாராளமாகத் தீர்மானம் போட்டுக் கொடுக்கலாம்.

தெரு நாய் என்றால்

இங்கே வழி சுற்றுவழி. தெரு நாய்களுக்குக் கருத்தடையும் தடுப்பூசியும் செய்வது உள்ளாட்சியின் வேலை என்று 2023-ல் வந்த விலங்குப் பிறப்புக் கட்டுப்பாட்டு விதிகள் சொல்கின்றன. அந்த வேலை நடக்கவில்லை, அதனால் எனக்குக் காயம் என்பதுதான் நம் கோரிக்கையின் அடிப்படை.

மற்ற மாநிலங்களில் என்ன நடந்திருக்கிறது என்று தெரிந்துகொண்டால் தைரியம் வரும். கேரளாவில் தெருநாய்க் கடிக்கு நஷ்டஈடு கேட்டு வரும் மனுக்களை விசாரிக்க, ஓய்வுபெற்ற நீதிபதி சிரிஜகன் தலைமையில் உச்ச நீதிமன்றம் 2016-ல் ஒரு குழு போட்டது. பஞ்சாப், ஹரியானா உயர் நீதிமன்றம் 2023 நவம்பரில் ஒரு பல் பதிவுக்குக் குறைந்தது 10,000 ரூபாய், சதை பிய்ந்திருந்தால் ஒவ்வொரு 0.2 சென்டிமீட்டருக்கும் குறைந்தது 20,000 ரூபாய் என்று கணக்கே போட்டுக் கொடுத்தது. ஓ.பி. சீட்டில் பல் பதிவையும் நீளத்தையும் எழுதச் சொன்னது ஏன் என்று இப்போது புரிகிறதா? கர்நாடக அரசு இறப்புக்கு 5 லட்சம், கடிக்கு 5,000 ரூபாய் என்று வைத்திருக்கிறது.

இவை வேறு மாநிலத்து உத்தரவுகள். நம் மாவட்ட அதிகாரியைக் கட்டுப்படுத்தாது. ஆனால் நம் வக்கீல் கோர்ட்டில் எடுத்துக்காட்டலாம், மனுவில் நாமும் ஒரு வரி எழுதலாம். அரசு மீது சிவில் வழக்குப் போடுவதானால் முதலில் நோட்டீஸ் கொடுத்து இரண்டு மாதம் காத்திருக்க வேண்டும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

நம் மாநிலத்திலேயே இன்னொன்று நடந்தது. திருப்பூர், ஈரோடு மாவட்டங்களில், காங்கேயம் பக்கம் முக்கியமாக, தெருநாய்கள் பட்டியில் புகுந்து ஆடுகளைக் கடித்துக் கொன்றன. விவசாயிகள் செத்த ஆடுகளோடு ரோட்டில் உட்கார்ந்து மாதக்கணக்கில் போராடினார்கள். 2025-ல் அரசு அந்த ஆடு, மாடு, கோழிகளுக்கு நஷ்டஈடு கொடுக்க ஆணை போட்டது. ஆட்டுக்குக் கேட்டு வாங்க முடிந்தது, ஆளுக்குக் கேட்பதில் என்ன வெட்கம்? (ஆடு வளர்க்கும் சகோதரிகள் கவனிக்க: நாய் கடித்து ஆடு செத்தால் உடனே புதைத்துவிடாதீர்கள். படம் எடுத்து, கால்நடை டாக்டரை வரவழைத்துச் சான்று வாங்கி, வி.ஏ.ஓ.விடமும் சொல்லிவிட்டுப் புதையுங்கள்.)

மனுவை ஊராட்சிக்கும், பி.டி.ஓ.வுக்கும், கலெக்டருக்கும் மூன்று பிரதிகள் போடுங்கள். ஊராட்சியில் தலைவர் இல்லாத காலத்தில் தனி அலுவலரிடம் கொடுக்க வேண்டும். கலெக்டர் ஆபீஸில் திங்கட்கிழமை மனு வாங்குகிறார்கள். ஒவ்வொரு இடத்திலும் ரசீது வாங்குங்கள். ரசீது இல்லாத மனு கொடுக்காத மனு.

துரத்தி விழுந்தால்

பல்லே படாமல் கை ஒடிந்தவர்கள் உண்டு. கிழக்குக் கடற்கரைச் சாலையில் விடியற்காலையில் சைக்கிளிலும் வண்டியிலும் போகிறவர்களை நாய் விரட்டும். அறிவொளி காலத்தில் இந்த மாவட்டத்துப் பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொண்டதைப் பற்றி ஊரெல்லாம் பேசினார்கள், நாய் விரட்டினால் என்ன செய்வது என்று யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. விழுந்து அடிபட்டாலும் இதே வழிதான். மருத்துவமனையில் "வண்டியிலிருந்து விழுந்தார்" என்று மட்டும் எழுதாமல் "நாய் துரத்தியதால் விழுந்தார்" என்று எழுதச் சொல்லுங்கள்.

இன்னொன்று, உங்கள் பாங்க் பாஸ்புக்கைப் பாருங்கள். வருடத்துக்கு 20 ரூபாய் பிடித்திருந்தால் பிரதமர் சுரக்ஷா பீமா விபத்துக் காப்பீடு இருக்கிறது என்று அர்த்தம். விபத்தில் இறந்தாலோ முழு ஊனம் ஆனாலோ 2 லட்சம், ஒரு கை, ஒரு கால் அல்லது ஒரு கண் போனால் 1 லட்சம். பாம்புக்கடி, மரத்திலிருந்து விழுவது போன்றவற்றுக்கு உடனே பார்த்த மருத்துவமனைக் காகிதம்தான் சான்று என்று அந்தத் திட்டத்திலேயே சொல்லியிருக்கிறார்கள். நாய்க்கடிக்கும் அந்த முதல் நாள் சீட்டைத்தான் பாங்கில் கேட்பார்கள். சிறு காயத்துக்கு இதில் பணம் வராது.

மனு எழுதத் தெரியவில்லை என்று யாரும் நிற்க வேண்டாம். கீழே உள்ளதைப் பார்த்து எழுதிக்கொள்ளுங்கள். புள்ளி வைத்த இடத்தில் உங்கள் விவரம்.

மாதிரி மனு

அனுப்புநர்: ........ (பெயர், கணவர் அல்லது தகப்பனார் பெயர், ஊர், ஊராட்சி, மணமேல்குடி வட்டம்)

பெறுநர்: மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள், புதுக்கோட்டை.

ஐயா / அம்மா,

நான் மேற்கண்ட ஊரில் வசித்து ........ தொழில் செய்து வருகிறேன். ........ தேதி காலை/மாலை ........ மணிக்கு ........ இடத்தில் தெரு நாய் என்னைக் கடித்துவிட்டது. ........ அரசு மருத்துவமனையில் சிகிச்சை பெற்றேன். ........ நாட்கள் வேலைக்குப் போக முடியவில்லை. எனக்கு ஏற்பட்ட செலவும் இழப்பும்: வருமான இழப்பு ரூ. ....; துணைக்கு வந்தவர் கூலி ரூ. ....; போக்குவரத்து ரூ. ....; மருந்து ரூ. ....; ஆகமொத்தம் ரூ. .... இது தவிர வலியும் தழும்பும் உண்டு. எங்கள் ஊரில் தெரு நாய்களுக்குக் கருத்தடையும் தடுப்பூசியும் செய்யப்படவில்லை என்று ........ தேதியில் ஊராட்சியில் ஏற்கனவே மனு கொடுத்துள்ளோம் (கொடுத்திருந்தால் மட்டும் எழுதவும்). ஆகவே எனக்கு உரிய நஷ்டஈடு வழங்கவும், மேற்படி நாய்கள் மீது விதிகளின்படி நடவடிக்கை எடுக்கவும் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
........ (கையெழுத்து அல்லது கைநாட்டு, தேதி)

சாட்சிகள்: 1. ........ 2. ........

இணைப்பு: ஓ.பி. சீட்டு நகல், ஊசி அட்டை நகல், காயத்தின் படம், சி.எஸ்.ஆர். ரசீது நகல் (இருந்தால்), குழுக் கடன் நோட்டுப் பக்க நகல். அசல் எதையும் கையை விட்டுக் கொடுக்க வேண்டாம்.